ஓட்டைச் சுவரில் ரங்கூன் மல்லி

என் மகள் முதன்முதலில் பேசியது ஒரு சுவரிடம். அவளுக்கு மூன்று வயது நிறைய அப்போது இரண்டு மாதம் இருந்தது.

ஆர்.கே.புரத்தில் அரசுக் குடியிருப்பு கிடைத்து நாங்கள் குடிபோனது அதற்கு முந்தைய ஜூலையில். தொண்ணூறுகளின் பிற்பாதி அது. தரைத்தள வீடு. இரண்டு அறை, சமையலறை, பின்னால் சிமெண்ட் தரையோடு சின்ன முற்றம், அதிலிருந்து பின்சந்துக்கு ஒரு கதவு. அந்த முற்றத்துக்கும் பக்கத்து வீட்டு முற்றத்துக்கும் நடுவே என் தலைக்கு மேல் உயர்ந்த ஒரு சுவர். காற்று வருவதற்காகச் செங்கற்களை இடைவெளி விட்டு அடுக்கிக் கட்டியிருந்தார்கள். ஒவ்வொரு ஓட்டையிலும் என் கை மணிக்கட்டு வரை போகும், மகளின் கை முழங்கை தாண்டிப் போகும். குடிபோன முதல் வாரமே இதைச் சோதித்துப் பார்த்துவிட்டேன். அந்த வழியாகத் தேள் வரலாம், பூரான் வரலாம், எலி வரலாம் என்று மனதுக்குள் எண்ணிக்கொண்டே இருப்பேன்.

பக்கத்து வீடு பூட்டிக் கிடந்தது. அந்த வீட்டுக்காரர் வெளியூருக்கு மாற்றலாகிவிட்டார், வீட்டை இன்னும் திருப்பிக் கொடுக்கவில்லை என்று மாடியில் இருந்தவர்கள் சொன்னார்கள். பூட்டு உள்ளங்கை அகலம். அதன் மேல் தூசி படிந்து, மழையில் நனைந்து காய்ந்து மண்ணாகவே ஒட்டியிருந்தது.

அரசாங்கச் சுவரை அடைக்கக் கூடாது. ஆனால் கொடி படரவிடலாம். சாலையோர நர்சரிக்காரர் பென்சில் கனத்தில் ஒரு கன்றைத் தந்து, மதுமாலதி என்றார். எங்கள் ஊரில் ரங்கூன் மல்லி என்போம். கொத்துக் கொத்தாக நீண்ட காம்போடு தொங்கும் பூ. பொழுது சாயும்போது வெள்ளையாக விரியும். மறுநாள் அதே பூ இளஞ்சிவப்பாகும், அதற்கடுத்த நாள் இரத்தச் சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் இருக்கும். நான் தாவரவியல் படித்தவள். அதனால் சுவரடியில் சிமெண்டைப் பெயர்த்து, குழி தோண்டி, எருவும் மணலும் சரியான அளவில் கலந்து, பரீட்சை எழுதுவதைப் போல அந்தக் கன்றை நட்டேன்.

குளிர்காலத்தில் அது இலைகளை உதிர்த்துவிட்டு வெறும் குச்சியாக நின்றது. ஓட்டைகள் வழியாகப் பக்கத்து முற்றம் அப்போது முழுக்கத் தெரிந்தது. சருகும் ஒரு உடைந்த வாளியும் கிடந்தன. சுவரின் அந்தப் பக்கத்தில் யாரோ எப்போதோ வெட்டிப்போட்ட பழைய கொடியின் அடிக்கட்டை ஒன்று இருந்தது. கணுக்கால் பருமன். செத்துப்போனது என்று நினைத்தேன்.

மகள் பேசவில்லை என்பதை நானும் என் கணவரும் வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளத் தொடங்கியது அந்தக் குளிர்காலத்தில்தான். காது நன்றாகக் கேட்டது. கூப்பிட்டால் திரும்புவாள், சிரிப்பாள், வேண்டியதைக் கைநீட்டிக் காட்டுவாள். வாயிலிருந்து ஒரு சொல் வராது. ஞாயிற்றுக்கிழமைகளில் எஸ்.டி.டி. பூத்திலிருந்து திருநெல்வேலிக்குப் பேசும்போது மாமியார் கேட்கும் முதல் கேள்வியே அதுதான். வசம்பைச் சுட்டுத் தேனில் இழைத்து நாக்கில் தடவச் சொல்லி, ஊரிலிருந்து வந்த ஒருவரிடம் கொடுத்தனுப்பியும் இருந்தார்.

"ரெண்டு நா வச்சிட்டு விட்றாத. நீ எதையும் பாதியில விடுதவ" என்றார்.

நான் எதையும் பாதியில் விடுகிறவள் இல்லை. அதுதான் என் சிக்கல். நாங்கள் போய்ப் பார்த்த டாக்டர், வீட்டில் எத்தனை மொழி பேசுகிறீர்கள் என்று கேட்டார். எங்களுக்குள் தமிழ், வேலைக்கு வரும் பெண்ணிடம் இந்தி, குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கும் பாட்டு ஆங்கிலம் என்றேன். குழந்தை குழம்பிப்போயிருக்கிறது, ஒரே மொழியை வைத்துக்கொள்ளுங்கள் என்றார். இப்போதெல்லாம் அப்படிச் சொல்வதில்லை என்று கேள்விப்படுகிறேன். அன்று அவர் சொன்னது அந்த ஒரு வாக்கியம்தான். மற்றதெல்லாம் நானாகச் செய்தது. வேலைக்கு வந்த பெண்ணை நிறுத்தினேன். தொலைக்காட்சிப் பெட்டிக்கு உறை போட்டேன். குழந்தைகள் இந்தியில் கத்தி விளையாடுவார்கள் என்று பூங்காவுக்குக் கூட்டிப்போவதை விட்டேன். காய்கறி வண்டி வந்தால் அவளை உள்ளறையில் விட்டுவிட்டு நான் மட்டும் வாசலுக்குப் போவேன். டெல்லி நடுவே எங்கள் வீட்டுக்குள் தமிழைத் தவிர வேறு எதுவும் நுழையாதபடி பார்த்துக்கொண்டேன். அந்தத் தமிழும் நான் ஒருத்தி பேசுவது. ஒருத்தியே எவ்வளவு பேச முடியும்? இது கதவு, இது தம்ளர், இது காக்கா என்று சொல்லிச் சொல்லி மத்தியானத்துக்குள் என் தொண்டை வற்றிவிடும். பிறகு வீட்டில் சத்தமே இருக்காது.

மார்ச்சில் கொடி துளிர்த்தது. ஏப்ரலில் சுவரை மூடியது. என் கைராசி என்று மாடி வீட்டு அம்மாள் சொன்னபோது பெருமையாக இருந்தது. தினமும் பாத்திரம் கழுவி முடித்ததும் மத்தியானத்தில் இரண்டு வாளி தண்ணீர் ஊற்றுவேன். ஓட்டைகள் எல்லாம் இலைக்குள் மறைந்துவிட்டன. நான் நினைத்தது நடந்துவிட்டது என்று நிம்மதியாக இருந்தேன்.

மே மாதம் டெல்லியில் மத்தியானம் இரண்டு மணிக்கு மேல் தெருவில் நாய்கூட இருக்காது. அனல் காற்று அடிக்கும். ஜன்னலில் வைத்த கூலர் ஓயாமல் இரைந்துகொண்டிருக்கும். ஒரு நாள் சமையலறையில் இருந்தபோது மின்சாரம் போனது. கூலர் நின்றதும் வீடே காதை விரித்துக்கொண்டதைப் போல ஒரு அமைதி. அந்த அமைதியில் முற்றத்திலிருந்து மகளின் சிரிப்பு கேட்டது. சிரித்தாள், நிறுத்தினாள், கொஞ்ச நேரம் கழித்து மறுபடி சிரித்தாள். யாரோ சொல்வதைக் கேட்டுவிட்டுச் சிரிக்கும்போது மட்டும்தான் அப்படி இடைவெளி வரும்.

போய்ப் பார்த்தேன். கொடிக்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தாள். சுவரின் நிழல் அவள் மேல் விழுந்திருந்தது. இலை எதுவும் அசையவில்லை. என்னைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திவிட்டாள்.

அடுத்த சில நாட்கள் நான் வேண்டுமென்றே கூலரை அணைத்துவிட்டுக் காத்திருந்தேன். கூலர் ஓடாத நேரத்தில் சிரிப்பும் இல்லை. அது ஓடினால், இரைச்சலுக்கு அடியில் அவள் குரல் மெல்ல எழும்பும். ஒரு நாள் கூலரை ஓடவிட்டபடியே செருப்பைக் கழற்றிவிட்டுச் சுவரை ஒட்டி நடந்து முற்றத்துக் கதவுக்குப் பின்னால் நின்றேன். என் மகள் கொடியைப் பார்த்துக் கையை ஆட்டி, "ஆ ஜாவோ" என்றாள்.

வா, வந்துவிடு என்று அர்த்தம். கூப்பிடுகிறாள். நான் இரண்டரை ஆண்டாகக் காத்திருந்த முதல் சொல். அது தமிழில் இல்லை, என்னைப் பார்த்துச் சொன்னதும் இல்லை.

அன்று மாலை கணவர் வந்ததும் சொன்னேன். அவர் அமைச்சகத்தில் வேலை பார்ப்பவர். எதற்கும் ஒரு கோப்பு இருந்தால்தான் நம்புவார். போய்ப் பக்கத்து வீட்டுப் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு வந்தார்.

"துருப்பிடிச்சிக் கெடக்கு. உள்ள எவன் இருப்பான்? ஒனக்கு வெயிலு தலைக்கு ஏறிட்டு" என்றார்.

"நீங்க ஒரு நா மத்தியானம் இருந்து கேளுங்க. கேட்டியள்னா தெரியும்."

ஞாயிற்றுக்கிழமை முழுக்க அவர் இருந்தார். மகள் அன்று சுவர்ப் பக்கமே போகவில்லை. மாலையில் பூத்திலிருந்து பேசும்போது, பிள்ளை ஒரு சொல் சொல்லிவிட்டாள் என்று அவர் ஊருக்குச் செய்தி சொன்னார். வசம்பு வேலை செய்துவிட்டது என்று மாமியார் என்னிடம் சொன்னார். ஆமாம் அத்தை என்றேன். என்ன சொல், யாரிடம் சொன்னாள் என்று அவர் கேட்கவில்லை.

அதன் பிறகு நான் கொடியைப் பராமரிப்பது போலச் சோதிக்கத் தொடங்கினேன். தலைக்கு மேலே, என் கை எட்டாத இடத்தில், புதிய கிளைகளைச் சுவரோடு சேர்த்துக் கட்டியிருந்தது. நீலத் துணியைக் கிழித்த சின்னச் சின்ன நாடாக்கள். எங்கள் வீட்டில் நீலத் துணியே இல்லை. முடிச்சு எல்லாமே அந்தப் பக்கம் இருந்தன. பழுத்த இலைகள் கிள்ளப்பட்டிருந்தன. நான் கிள்ளியிருந்தால் இலைகள் என் பக்கம் கிடந்திருக்கும்.

பிறகு என் கன்றின் அடியைப் பார்த்தேன். நகத்தால் பட்டையைச் சுரண்டினால் உயிருள்ள தண்டில் பச்சை தெரியும். இது கல்லூரியில் முதல் வருடமே படித்தது. சுரண்டினேன். பழுப்பு. கொஞ்சம் மேலே சுரண்டினேன். அங்கேயும் பழுப்பு, பொடியாக உதிர்ந்தது. என் கன்று குளிர்காலத்திலேயே செத்திருக்க வேண்டும். மூன்று மாதமாகச் செத்த குச்சிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தேன். ஆனால் தலைக்கு மேலே நூறு கொத்துப் பூ.

முழங்காலிட்டு இலையை விலக்கிக் கீழ் ஓட்டையில் கண்ணை வைத்துப் பார்த்தேன். அந்தப் பக்கத்து அடிக்கட்டையிலிருந்து விரல் பருமனில் ஐந்தாறு தண்டுகள் கிளம்பி ஓட்டைகள் வழியாக எங்கள் பக்கம் நுழைந்திருந்தன. கட்டையைச் சுற்றிப் பாத்தி கட்டியிருந்தது. பாத்தி ஈரமாக இருந்தது. ஆளில்லாத வீட்டு முற்றத்தில், மே மாதம் மூன்று மணிக்கு, ஈர மண்.

எழுந்து உள்ளே வந்து முற்றத்துக் கதவைத் தாழிட்டேன். மகள் கதவடியில் உட்கார்ந்து அழுதாள். அவள் அப்படி அழுததில்லை. அரை மணி நேரத்தில் எனக்கே தாங்காமல் திறந்துவிட்டேன். இப்படித்தான் நான் எப்போதும். ஒரு முடிவு எடுத்தால் அது தப்போ என்று மறு நிமிடமே தோன்றிவிடும்.

இரண்டு நாள் கழித்து அவள் முற்றத்திலிருந்து வந்து என் மடியில் ஏறியபோது வலது மணிக்கட்டில் பூவால் ஒரு காப்பு இருந்தது. ரங்கூன் மல்லியின் நீண்ட காம்புகளை ஒன்றுக்குள் ஒன்று பின்னி, நூல் இல்லாமல் கோத்தது. எனக்கே அப்படிப் பின்னத் தெரியாது. மூன்று வயது நிறையாத குழந்தை பின்னவே முடியாது. அந்தக் கையின் புறத்தில் முழங்கை வரை செங்கல் உரசிய சிவப்புக் கோடுகள். ஓட்டைக்குள் அவள் கையை நீட்டியிருக்கிறாள். அந்தப் பக்கத்தில் அதை யாரோ பிடித்திருக்கிறார்கள்.

காப்பைக் கழற்றிக் குப்பையில் போட்டேன். அவள் என்னை நிமிர்ந்து பார்த்து, தெளிவாக, "நஹீ" என்றாள். வேண்டாம் என்று என்னிடம் சொன்ன முதல் சொல் அது.

அன்றிரவு கணவரிடம் புகார் எழுதப்போகிறேன் என்றேன். அவர் சாப்பாட்டிலிருந்து நிமிரவில்லை.

"வாயால சொல்லு. எழுத்துல குடுக்காத. எழுத்துல குடுத்தா அது நம்ம கையில நிக்காது."

அவர் சொன்னது அலுவலகத்தில் இருபது பேர் சொல்வதுதான். ஆனாலும் சரியாகச் சொன்னார். குழாய் ஒழுகினாலும் கரையான் வந்தாலும் குடியிருப்புக்காரர்கள் போய்ச் சொல்லும் ஒரு அறை உண்டு. என்கொயரி என்போம். மறுநாள் காலை மகளைத் தூக்கிக்கொண்டு அங்கே போனேன். பக்கத்து வீட்டுக்குள் யாரோ இருக்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்த இந்தியில் சொன்னேன். திருடனா என்றார் குமாஸ்தா. தெரியாது என்றேன். பேயா என்று கேட்டுவிட்டுச் சிரித்தார். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நோட்டைக் கேட்டு வாங்கி, ஈர மண், நீல நாடா, பூக்காப்பு எல்லாவற்றையும் நேரத்தோடு ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ஒரு பக்கம் வந்தது.

மூன்றாம் நாள் பதினொரு மணிக்கு என்கொயரியிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். பூட்டை உடைப்பதற்குச் சாட்சி வேண்டும் என்று என்னையும் கூப்பிட்டார்கள். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் நின்றேன். பூட்டு இரண்டே அடியில் விட்டது. உள்ளே ஜன்னல்களுக்கெல்லாம் செய்தித்தாள் ஒட்டியிருந்தது. அந்த மங்கல் வெளிச்சத்திலிருந்து ஒரு பெண் வெளியே வந்தாள்.

இருபத்தைந்து வயது இருக்கும், ஏறத்தாழ என் வயது. தலையில் முக்காடு. நீலச் சேலை, அதன் முந்தானை ஓரம் நாடா நாடாவாகக் கிழிந்திருந்தது. வெளுத்துப்போயிருந்தாள், வெளிச்சத்தில் கண்ணைத் திறக்க முடியவில்லை. நடந்தபோது காலடிச் சத்தமே எழவில்லை. அவர்கள் கேட்கக் கேட்க விஷயம் வெளியே வந்தது. வீட்டுக்காரர் இவளுக்கும் இவள் கணவனுக்கும் வீட்டை மறைவாக வாடகைக்கு விட்டிருக்கிறார். அரசு வீட்டை அப்படி விடக் கூடாது. அதனால் முன்கதவில் பழைய பூட்டு அப்படியே தொங்க வேண்டும், விளக்கு போடக் கூடாது, சத்தம் கூடாது என்று நிபந்தனை. இவள் கணவன் விடியும் முன் பின்சந்து வழியாக வேலைக்குப் போய் ஊர் அடங்கித் திரும்புவான். மார்ச்சிலிருந்து இவள் பகல் முழுக்க உள்ளே. என்கொயரி ஆட்களில் ஒருவர், சத்தமாகப் பேசு, கேட்கவில்லை என்று இரண்டு முறை அதட்டினார். அவள் குரல் எழும்பவே இல்லை. மூன்று மாதம் கிசுகிசுத்தே அது அப்படி ஆகிவிட்டது போலிருந்தது.

அந்தக் குரலைக் கேட்டதும் என் மகள் இடுப்பிலிருந்து முன்னால் சாய்ந்தாள். பிடித்து இழுத்துக்கொண்டேன். அந்தப் பெண் அவளைத் திரும்பிப் பார்க்கவில்லை. என்னை மட்டும் பார்த்தாள்.

"ஆப் நே லிகாயா?" என்றாள். நீங்களா எழுதிக் கொடுத்தீர்கள் என்று கேட்கிறாள். வயதில் ஒத்த என்னிடம் அவ்வளவு மரியாதையாக.

"நஹீ" என்றேன்.

என் கையெழுத்து இருந்த நோட்டு இரண்டடி தள்ளி ஒருவர் கக்கத்தில் இருந்தது. அவள் தலையசைத்தாள். ஒரு தகரப் பெட்டி, சுருட்டிய படுக்கை, மண்ணெண்ணெய் அடுப்பு. அவற்றை வாசலில் வைத்துவிட்டு மறுபடி என் பக்கம் வந்தாள். செடிக்குச் சாயங்காலம் தண்ணீர் விடுங்கள், மத்தியானம் விடாதீர்கள், வேர் வெந்துவிடும் என்று அதே கிசுகிசுப்பில் சொன்னாள். நான் மத்தியானங்களில் ஊற்றியதைச் சுவருக்கு அந்தப் பக்கமிருந்து அவள் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள்.

அவர்கள் கதவுக்குப் புதுப் பூட்டுப் போட்டுத் துணி சுற்றி அரக்கு வைத்தார்கள். பின்சந்துக் கதவைக் கம்பியால் முறுக்கிக் கட்டினார்கள். கணவர் மாலையில் வந்து எல்லாம் கேட்டார். பேயில்லை என்று ஆயிற்றே என்று மட்டும் சொன்னார். ஆமாம், பேயில்லை. நான் அன்றைக்கு நிம்மதியாகத் தூங்கியிருக்க வேண்டும்.

மறுநாளிலிருந்து மகள் சுவர்முன் உட்காரத் தொடங்கினாள். காலையில் எழுந்ததும் போவாள். வெயில் ஏறினால் நான் தூக்கிவருவேன், இறக்கிவிட்டால் மறுபடி போவாள். அந்த இரண்டு சொல்லும் போய்விட்டன. முன்பு இருந்த ஊம், ஊகூம்கூட இல்லை. சோற்றை வாயில் வைத்துக்கொண்டு விழுங்காமல் இருப்பாள். டாக்டரிடம் போனோம். அவர் எடை பார்த்துவிட்டு முகத்தைச் சுருக்கினார். வீட்டில் ஏதாவது மாறியதா என்று கேட்டார். இல்லை என்றேன். ஒரே வாரத்தில் இரண்டாவது பொய்.

கொடியும் வாடியது. ஜூன் தொடக்க வெயில். முதலில் நுனிகள் தொங்கின, பிறகு மொட்டுகள் வெள்ளையாக விரியாமலே கருகி விழுந்தன. இலை உதிர உதிர ஓட்டைகள் ஒவ்வொன்றாகத் திரும்பத் தெரிந்தன. மகள் அவற்றுக்குள் பார்த்துக்கொண்டிருந்தாள். குழாயை ஓட்டைக்குள் நீட்டிப் பார்த்தேன். தண்ணீர் சுவரோடு வழிந்து என் பக்கமே வந்தது. அந்தக் கட்டையின் வேருக்குத் தண்ணீர் போக வேண்டுமென்றால் அந்தப் பக்கம் போய்த்தான் ஊற்ற வேண்டும். இந்தக் கொடியாவது சாகாமல் இருந்தால் மகள் பழையபடி ஆவாள் என்று ஏன் நினைத்தேன் என்று சொல்லத் தெரியவில்லை. வேறு எதையும் செய்ய எனக்கு வழியில்லை.

ஒன்பதாம் நாள் சாயங்காலம், கணவர் வர ஒரு மணி நேரம் இருக்கும்போது, மகளை முற்றத்தில் விட்டு, அவள் பார்க்காதபடி முன்கதவு வழியாக வந்து பூட்டிக்கொண்டு, வாளியோடு பின்சந்துக்குப் போனேன். அரசாங்கம் கட்டிய கம்பி. அதை அவிழ்ப்பது குற்றம் என்று தெரியும். சந்தில் ஆள் இல்லை. விரல் கிழியக் கிழிய முறுக்கைப் பிரித்தேன்.

உள்ளே என் வீட்டு முற்றத்தைத் திருப்பிப் போட்டதைப் போல ஒரு முற்றம். எங்களுக்கு இடது பக்கம் இருப்பதெல்லாம் இங்கே வலது பக்கம். சுவரடியில் ஒரு சாக்கை நான்காக மடித்துப் போட்டிருந்தது. அவள் உட்காரும் இடம். நடுவில் குழிந்திருந்தது. நான் அதில் உட்கார்ந்து சத்தம் எழாமல் வாளியைச் சாய்த்துப் பாத்தியில் தண்ணீர் விட்டேன். மண் அதை உறிஞ்சும் சத்தம் மட்டும் கேட்டது.

சுவருக்கு அந்தப் பக்கம் சின்னக் காலடிகள் ஓடிவந்தன. மிச்சமிருந்த இலைகளுக்குப் பின்னால் நிழல் விழுந்தது. என் மகளின் மூச்சு ஓட்டை வழியாக என் கன்னத்தில் பட்டது.

"தேர் கர் தீ" என்றாள்.

தாமதமாக வந்திருக்கிறாய். பெரியவர்கள் சொல்வதைப் போல, கொஞ்சம் கோபமாக. எழுந்து ஓடியிருக்கலாம். நான் அம்மா என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் பேச்சை நிறுத்திவிடுவாளோ என்று பயந்தேன். அந்தப் பெண்ணைப் போலவே குரலைத் தொண்டைக்குள் இழுத்து, "ஹாங், தேர் ஹோ கயீ" என்றேன், ஆமாம், நேரமாகிவிட்டது என்று. அந்தக் குரல் எனக்கு உடனே வந்தது. அதுதான் பயமாக இருந்தது.

அவள் பேசத் தொடங்கினாள். எல்லாம் இந்தி. எங்கள் வீட்டில் ஒருவருக்கும் இல்லாத, ஆப் என்று எதிராளியை மதிக்கும் மெல்லிய இந்தி. துண்டு துண்டாக, ஆனால் நிற்காமல். காக்கை வந்து ரொட்டியைத் தூக்கிப்போனது. கூலருக்குள் தவளை இருக்கிறது. அப்பா அலுவலகத்துக்குப் போகிறார், வருகிறார். ஒரு பூ நீலமாக இருந்தது, அது கனவில். என் மகளுக்குக் கனவு வருகிறது என்பதை அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டேன். பொழுது இறங்கிக்கொண்டிருந்தது. அவள் கை ஓட்டைக்குள் நுழைந்து என் பக்கம் வந்து காத்திருந்தது. பிடித்துக்கொண்டேன். அவள் விரல்கள் என் விரல்களைத் தடவி, எதையோ தேடிவிட்டு, பிறகு அப்படியே இருந்துவிட்டன.

பிறகு குரலைத் தாழ்த்தி, இரகசியம் சொல்வதைப் போல, "அம்மா டர்தீ ஹை" என்றாள்.

அம்மா பயப்படுகிறாள்.

"கிஸ் ஸே?" என்று கேட்டேன். யாரைக் கண்டு?

"ஆப் ஸே."

உங்களைக் கண்டு.

அவள் கையை விட்டேன். எப்படி எழுந்தேன், கதவை எப்படிக் கட்டினேன் என்று நினைவில்லை. கம்பியைத் தப்பாக முறுக்கியிருந்தேன் என்பதை மறுநாள் பார்த்தேன். சந்தைச் சுற்றி ஓடி, வாசல் பூட்டைத் திறந்து, நேரே முற்றத்துக்கு வந்தேன். அவள் ஓட்டைக்குள் கையை விட்டபடியே நின்றிருந்தாள். அவள்முன் உட்கார்ந்தேன். தமிழில் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். ஆறு மாதமாக நான் சொல்லி அவள் கேட்காத தமிழ். அதை விட்டுவிட்டு, சுவருக்கு அந்தப் பக்கம் பேசிய அதே குரலில், அவள் முகத்தைப் பார்த்துக் கேட்டேன்.

"பூக் லகீ ஹை?" பசிக்கிறதா?

அவள் கையை வெளியே இழுத்தாள். என் உதட்டில் இரண்டு விரலை வைத்தாள். மறுபடி கேட்டேன், உதடு அசைவதைத் தொட்டுப் பார்த்தாள். திரும்பிச் சுவரைப் பார்த்தாள். நெடுநேரம் பார்த்தாள். பிறகு, "ஹாங், அம்மா" என்றாள்.

அன்றைக்கு அவள் இரண்டு முறை சோறு கேட்டாள். மறுநாள் தொலைக்காட்சியின் உறையை எடுத்தேன், பூங்காவுக்குக் கூட்டிப்போனேன். மாதம் ஒன்றாவதற்குள் தமிழும் கலந்து வந்தது. மாமியாரிடம் தொலைபேசியில் நாலு வார்த்தை பேசினாள். அவர் அழுதார். ஆனால் அந்த வீட்டில் இருந்தவரை, நான் எது கேட்டாலும் அவள் முதலில் சுவர்ப் பக்கம் ஒருமுறை திரும்பிப் பார்ப்பாள். பார்த்துவிட்டுத்தான் எனக்குப் பதில் சொல்வாள்.